நாலாவது பொருளுக்கு எடுத்துக்காட்டு

ஜூன் 3

அண்ணா,

சௌக்கியமான்னு கேக்கப் போறதில்ல. நீ சௌக்கியமாத்தான் இருப்பே. இருபது வருஷமா இழுத்த இங்கிலீஷ்-தமிழ் அகராதி வெளிவந்தாச்சு, ஆபீஸ்ல எல்லாரும் கை தட்டியிருப்பாங்க, கேக் வெட்டியிருப்பீங்க.

போன் பண்ணாதே. நாலு நாளா நீ பண்ற போனை நான்தான் எடுக்கல. போன்ல நீ பேச்சை மாத்திடுவே. எழுது. நானும் எழுதறேன்.

நடந்ததைச் சொல்றேன். நம்ம வாலுவுக்குக் காலேஜ்ல ஒரு கட்டுரை கொடுத்தாங்க. நாலைஞ்சு அர்த்தம் இருக்கிற ஒரு குட்டி இங்கிலீஷ் சொல்லை எடுத்து, அது எங்கேருந்து வந்துச்சு, எப்படியெல்லாம் திரிஞ்சுச்சுன்னு எழுதணும். எந்தச் சொல்லை எடுக்கலாம் மாமான்னு உன்னைத்தான் கேட்டா. 'பேர்' எடுத்துக்கோ, கரடிக்கும் அதுதான், சுமக்கறதுக்கும் அதுதான்னு சொன்னே. தமிழ்ல எழுதினா நம்ம பேர் மாதிரி இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். "அகராதியில அந்த ஒரு சொல்லு முழுக்க முழுக்க நான் எழுதினது, படிச்சுப் பாரு கண்ணு"ன்னு பெருமை வேற. நீ கையெழுத்துப் போட்டு அனுப்பின புத்தகத்தை அவ தலையணைக்குப் பக்கத்துலயே வெச்சிருந்தா.

போன வியாழக்கிழமை நான் கடையிலேருந்து வந்தப்போ சாப்பாட்டு மேஜையில புத்தகம் திறந்திருந்துச்சு. ஒரு வரி மேல விரலை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நாலாவது பொருள்: பொறுத்தல், சகித்தல். அதுக்குக் கீழ சாய்ஞ்ச எழுத்துல எடுத்துக்காட்டு.

"தூங்கும்போதும் பச்சை ரெயின்கோட்டைக் கழற்றாத இந்தக் குழந்தை என்னை அம்மா என்று கூப்பிடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை."

என் வரி அண்ணா. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி, கல்யாணமாகி மூணாவது மாசம், உனக்கு மட்டும்னு எழுதின கடிதத்துல இருந்த வரி. கொஞ்சம் இலக்கணமா மாத்தியிருக்கே, அவ்வளவுதான்.

அந்த ரெயின்கோட்டோட அவ நிக்கிற போட்டோ எங்க ஹால்ல மாட்டியிருக்கு. அவளைப் பெத்தவ சாகறதுக்கு முன்னாடி கடைசியா வாங்கிக் கொடுத்தது. அதைக் கழட்டாம தூங்கின கதையை அவ அப்பாவே வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

"இது நானா?"ன்னு கேட்டா. நான் புத்தகத்தை இழுத்து மூடினேன். அதுவே பதிலாப் போச்சு. மறுநாள் காலையில ஒரு பையை எடுத்துக்கிட்டு சிநேகிதியோட ஹாஸ்டல் ரூமுக்குப் போயிட்டா. போகும்போது, "வரேன்"னு மட்டும் சொன்னா. வரேம்மான்னு சொல்லல.

ஏன் அண்ணா இப்படிப் பண்ணினே?

உன் தங்கை


ஜூன் 8

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ திட்டு.

எங்கள் ஆபீஸில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியத்தை நாங்களாக இட்டுக்கட்டக் கூடாது. யாரோ ஒருவர் எங்கேயோ உண்மையாக எழுதியதாக இருக்க வேண்டும். நோட்டீஸ், பேப்பர், விண்ணப்பம், கடிதம், எதுவானாலும் சரி. முகவுரையின் முதல் பக்கத்திலேயே அதைப் போட்டிருக்கிறோம். ஒரு வாக்கியம் கிடைத்ததும் அதை ஒரு அட்டையில் எழுதி, பெயரையெல்லாம் எடுத்துவிட்டு, அந்தந்தச் சொல்லின் பெட்டிக்குள் போடுவோம்.

'பேர்' லேசான சொல் இல்லை. அதன் வேர் சுமப்பது. மூட்டை சுமப்பது, பிள்ளை சுமப்பது, பிள்ளை பெறுவது, மரம் காய்ப்பது, வலியைப் பொறுப்பது, மனசுக்குள் வஞ்சம் வைத்திருப்பது எல்லாம் அந்த ஒரே வேரில் கிளைத்தவை. வடமொழி வழியாக நம்மிடம் வந்த 'பாரம்' கூட அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன்தான். கரடி மட்டும் வேறு குடும்பம். பழைய காலத்தில் கரடியின் உண்மையான பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்று பயந்து, 'பழுப்பு நிறத்தான்' என்று மறைமுகமாகச் சொல்லப் போய், அதுவே பெயராக நின்றுவிட்டது என்கிறார்கள். மற்ற பொருளுக்கெல்லாம் வாக்கியம் வந்து குவிந்தது. பொறுத்தலுக்கு மட்டும் வந்ததெல்லாம் 'அரசின் அலட்சியத்தை இனியும் பொறுக்க முடியாது' ரகம். செத்த வாக்கியங்கள். உன் வரியில் உயிர் இருந்தது.

இதைச் சாக்காகச் சொல்லவில்லை. வாலுவிடம் அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னபோது, அதற்குக் கீழே இருப்பது அவள்தான் என்பது எனக்குச் சத்தியமாக ஞாபகம் இல்லை. பதினாலு வருஷத்தில் அது எனக்கு வெறும் வாக்கியமாகிவிட்டது. தப்புதான். மன்னித்துவிடு.

மாப்பிள்ளை என்ன சொன்னார்?

அண்ணன்


ஜூன் 12

அண்ணா,

மனுஷனா நீ? பொண்ணு வீட்டை விட்டுப் போயிட்டான்னு எழுதினா, கரடி எந்தக் குடும்பம்னு பதில் எழுதறே. சின்ன வயசுல அம்மா உன்னை 'அகராதி பிடிச்சவன்'னு திட்டினது சும்மா இல்ல.

உயிர் இருந்துச்சாம். அந்த உயிர் என்னோடது. அவளோடது.

உன் மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லல. அதுதான் பயமா இருக்கு. வழக்கமா லிப்ட் ரிப்பேருக்குப் போயிட்டு வந்ததும், எந்த மாடியில யார் மாட்டிக்கிட்டாங்கன்னு கதை சொல்லிக்கிட்டே சாப்பிடுவார். இப்போ தட்டைப் பாத்து சாப்பிட்டுட்டு எழுந்திரிச்சுப் போறார். நேத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்போ என்கிட்ட சொல்லியிருக்கலாமே?" சொல்லியிருக்கலாம். சொல்லல. இருபத்தி மூணு வயசு எனக்கு. அவர் குழந்தையை எனக்குப் பிடிக்கலன்னு அவர்கிட்டயே எப்படிச் சொல்வேன்?

கண்ணாடிக் கடையிலயும் நான் நானா இல்ல. ஒரு பெரியவருக்கு வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துட்டேன். அவர் படிக்கட்டுல தடுமாறி, நல்லவேளை கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டார். முதலாளி திட்டல, ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோன்னார். வீட்டுல இருந்தா அவ ரூம் கதவைப் பாத்துக்கிட்டே இருக்கணும். அதனால எடுக்கல.

தினமும் காலேஜ் வாசல்ல போய் நிக்கறேன். வர்றா, நிக்கறா, கேட்டதுக்குப் பதில் சொல்றா. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். காசு இருக்கா, இருக்கு. இந்தப் பத்து நாள்ல என்னை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடல. அம்மான்னு வர்ற இடத்தையெல்லாம் தாண்டித் தாண்டிப் பேசறா. அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா உனக்கு, ஒரு வார்த்தையே இல்லாம பேசறது?

இப்போ ஒரே ஒரு உதவி கேக்கறேன். அந்தக் கடிதத்தை அனுப்பு. எனக்கு ஒரு பக்கம் கூட சரியா ஞாபகம் இல்ல, ஆனா அந்த வரியோட நான் நிறுத்தியிருக்க மாட்டேன். அடுத்த வரியில ஏதாவது நல்லதா எழுதியிருப்பேன். இருந்தாலும் பாவமா இருக்கு, போகப் போகச் சரியாகும், அப்படி ஏதாவது. நீதான் உனக்கு வேணுங்கிறதை மட்டும் நறுக்கி எடுத்திருப்பே. அந்த அடுத்த வரியை அவகிட்ட காட்டணும்.

இன்னொண்ணு. அந்தக் கடிதத்துக்கு நீ பதில் போட்டியா? எவ்வளவு யோசிச்சும் எனக்கு ஞாபகம் வரல.

உன் தங்கை


ஜூன் 17

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தைத் தேடினேன். இரண்டு தடவை ஆபீஸ் மாறியதில் பழைய காகிதங்கள் நிறையப் போய்விட்டன. கிடைக்கவில்லை.

தலைமைப் பதிப்பாசிரியரிடம் பேசினேன். விற்காத பிரதிகளில் அந்த இடத்தில் ஒரு துண்டுத் தாள் ஒட்டலாம் என்றார். அடுத்த பதிப்பில் வாக்கியமே இருக்காது. அவர் காரணம் கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, "உங்க சொந்தத் தங்கச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

நீ அவளைப் பற்றிக் கவலைப்படாதே. நான் வாலுவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். எல்லாம் சரியாகும்.

அண்ணன்


ஜூன் 22

அண்ணா,

நீ எழுதின கடிதத்தை எடுத்துக்கிட்டு நேத்து சாயங்காலம் வந்தா. மூணு வாரம் கழிச்சு வீட்டுப் படி ஏறி வந்த பொண்ணைப் பாத்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! ஓடிப்போய் கதவைத் திறந்தேன். அவ உக்காரக்கூட இல்ல.

"அந்த வாக்கியம் உன் அம்மா எழுதினது இல்ல கண்ணு, நானே கற்பனையா எழுதினது, உன் போட்டோவைப் பாத்துத் தோணிச்சு"ன்னு எழுதியிருக்கே. அவ புத்தகத்தைத் திறந்து முகவுரையில முதல் பக்கத்தைக் காட்டினா. 'இந்த அகராதியில் உள்ள எடுத்துக்காட்டுகளுள் ஒன்றுகூடப் புனையப்பட்டதன்று.' கீழ நாலு பேர் கையெழுத்து, அதுல ரெண்டாவது உன்னோடது.

"மாமா பொய் சொல்றாரா, புத்தகம் பொய் சொல்லுதா?"ன்னு கேட்டா.

புத்தகம் பொய் சொல்லலன்னேன். நான் எழுதினதுதான்னேன். மூணு வாரமா தொண்டையில நின்னதை உன் பொய் வந்து வெளியில தள்ளிச்சு, அந்த ஒரு புண்ணியம் உனக்கு உண்டு. "அப்போ முழுக் கடிதத்தையும் படிக்கணும்"னா. தொலைஞ்சு போச்சாம்னேன். சிரிச்சா. "பஸ் டிக்கெட்டைக் கூட தூக்கிப் போடாத மனுஷன்"னா.

உன்னைப் பத்தி எனக்குத் தெரியாததா அவளுக்குத் தெரியும்? எனக்கும் தெரியும். கடிதம் உன்கிட்டதான் இருக்கு. ஏன் ஒளிக்கறே?

உன் தங்கை


ஜூன் 26

தங்கச்சி,

இருக்கிறது. என் மேஜையின் கீழ் டிராயரில்தான் எப்போதும் இருந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று பக்கம்.

ஒளித்ததற்குக் காரணம், நீ தேடுகிற அந்த அடுத்த வரி அதில் இல்லை. அதற்கப்புறம் வருவது அந்த வாக்கியத்தை விட மோசம். பதினேழாம் தேதி உனக்குப் பொய் எழுதுவதற்கு முன்னால் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். நான் நறுக்கியதால்தான் நீ கெட்டவளாகத் தெரிகிறாய் என்று நீ நம்பிக்கொண்டிருந்தாய். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்குக் கை வரவில்லை.

முதலில் நீ மட்டும் படி. மூன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டு அவளிடம் காட்டலாமா என்று முடிவு செய். காட்டாமல் கிழித்துப் போட்டாலும் நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

அண்ணன்


ஜூலை 4

அண்ணா,

கவர் வந்த அன்னிக்கு கடை மொட்டை மாடிக்குப் போய், தண்ணித் தொட்டி பக்கத்துல உக்காந்து படிச்சேன். கிழிச்சுப் போடலாம்னுதான் முதல்ல தோணிச்சு. ரெண்டாக மடிச்சுக் கிழிக்கவும் ஆரம்பிச்சேன், ஓரத்துல கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. அப்புறம் நிறுத்திட்டேன். மறுபடியும் ஒரு தடவை நறுக்கின கடிதத்தை அவகிட்ட கொடுக்க எனக்கு மனசு வரல.

ஞாயித்துக்கிழமை அவளை வரச் சொன்னேன். உன் மாப்பிள்ளையையும் உக்காரச் சொன்னேன். நானே வாய் விட்டுப் படிச்சேன். மூணாம் பக்கம் வந்ததும் தண்ணி குடிச்சுட்டுப் படிச்சேன். உனக்குத் தெரியும் என்ன எழுதியிருக்குன்னு, இருந்தாலும் நான் எழுதறேன், எழுதினாத்தான் எனக்கு ஆறும்.

"நேத்து துணிக்கடையில அவளை ஸ்டூல்ல உக்கார வெச்சுட்டு, இதோ வரேன்னு சொல்லிட்டு வெளியில வந்துட்டேன் அண்ணா. எதிர்ல பஸ் ஸ்டாப்பு. ரெண்டு பஸ் போச்சு. மூணாவது பஸ்ல ஏறிப் போயிடணும்னு நினைச்சேன். அப்புறம் திரும்பிப் போய்க் கூட்டிட்டு வந்தேன். யாருக்கும் தெரியாது. எனக்கு என்னைக் கண்டாலே பயமா இருக்கு. ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போ அண்ணா."

மாப்பிள்ளை எழுந்து பால்கனிக்குப் போயிட்டார். அவ மூணாம் பக்கத்தை என் கையிலேருந்து வாங்கி அவளே ஒரு தடவை படிச்சா. "எனக்கு இது ஞாபகமே இல்ல"ன்னா. அப்புறம், "மூணாவது பஸ்ல ஏன் ஏறல?"ன்னு கேட்டா.

உன் மேல பாசம் வந்துடுச்சு, அதான்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அது நிஜம் இல்ல. அவளுக்கு அப்போ காது வலி. ஆறு மணிக்குச் சொட்டு மருந்து விடணும். அந்தக் குப்பி என் கைப்பையில இருந்துச்சு. பஸ்ஸுக்குச் சில்லறை எடுக்கப் போனப்போ அது கையில தட்டுப்பட்டுச்சு. மருந்தைக் கொடுத்துட்டாவது போவோம்னுதான் திரும்பினேன். அதைத்தான் சொன்னேன்.

"காது மருந்தா?"ன்னா. சிரிக்கறாளா அழறாளான்னு எனக்குப் புரியல. அவளுக்கே புரிஞ்சிருக்காது. "பாசம்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்"னு சொல்லிட்டு அவ ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. தாழ்ப்பாள் போடுற சத்தம் கேக்கல.

மன்னிச்சுட்டேன்னு எல்லாம் சொல்லல அண்ணா. நானும் கேக்கல. காலையில நான் கடைக்குக் கிளம்பிக்கிட்டிருந்தேன். உள்ளேருந்து ஒரே கத்தல். "அம்மா, என் கறுப்பு சாக்ஸ் எங்க வெச்சே?" கொடியிலதான் இருந்துச்சு. எடுத்துக் கொடுக்கற வரைக்கும் அடக்கிக்கிட்டு, கீழ இறங்கி, லிப்டுக்குள்ள நின்னு அழுதேன்.

இது அவ உன்கிட்ட கேக்கச் சொன்னது. கடிதத்தோட முதல் பக்கத்துல மேல உங்க ஆபீஸ் முத்திரை இருக்கு. வந்த தேதி அதுல இருக்கு. கீழயே சிவப்பு மையில, 'எடுத்தாயிற்று'. அதுவும் அதே தேதி. "வந்த அன்னிக்கே அட்டை எழுதிட்டார். கடைசியில வந்துட்டுப் போன்னு கூப்பிட்டிருக்கே, அதுக்கு மாமா என்ன பண்ணினார்?"னு கேட்டா. எனக்குத் தெரியலன்னேன். மாமாவையே கேளுன்னா.

அதான் கேக்கறேன்.

உன் தங்கை


ஜூலை 8

தங்கச்சி,

நீ கேட்டது அவளுக்காக மட்டும் இல்லை என்று தெரியும். ஜூன் பன்னிரண்டாம் தேதியே கேட்டாய். நான் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று காலை ஆபீஸில் நான் மட்டும்தான் இருந்தேன். நின்றுகொண்டே படித்தேன். முதல் பக்கத்தின் கடைசியில் அந்த வரி வந்ததும், எனக்கு முதலில் தோன்றியது 'ஐயோ என் தங்கச்சி' என்று இல்லை. 'கிடைச்சிடுச்சு' என்று. இரண்டு மாதமாகத் தேடிய வாக்கியம். அங்கேயே உட்கார்ந்து அட்டை எழுதினேன். முத்திரை குத்தினேன். பெட்டியில் போட்ட பிறகுதான் மீதி இரண்டு பக்கத்தைப் படித்தேன்.

படித்ததும் பயந்தேன். வரவேண்டும் என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் வேறொரு புத்தகத்தின் அச்சுப்படி திருத்தும் வேலை. அடுத்த வாரம் தலைமைப் பதிப்பாசிரியர் ஊரில் இல்லை. அதற்கடுத்த வாரம், இவ்வளவு நாள் கழித்து என்ன முகத்தோடு போவது என்றாகிவிட்டது. பிறகு உன்னிடமிருந்து வேறு கடிதங்கள் வந்தன. பள்ளிக்கூடத்தில் சேர்த்தாய், அவளுக்கு அம்மை போட்டது, பல் விழுந்தது, உன்னை விட்டுத் தூங்கமாட்டேன் என்கிறாள் என்று. படிக்கப் படிக்க, அப்பாடா, தானாகச் சரியாகிவிட்டது என்று நிம்மதியானேன். தானாக ஒன்றும் சரியாகவில்லை. நீ ஒருத்தி தனியாக இருந்து சரி செய்திருக்கிறாய். நான் அட்டை எழுதியவன்.

அந்த வாக்கியம் வாலுவைப் பற்றியது என்பதை மறந்துவிட்டேன் என்று எழுதினேனே, அது உண்மை. ஆனால் மறக்க வேண்டியிருந்தது. அது யார் எழுதியது என்று ஞாபகம் வைத்திருந்தால், பதில் போடாததும் கூடவே ஞாபகம் வந்திருக்கும்.

வாலுவிடம் இதை அப்படியே படித்துக் காட்டு. மாமா என்ன பண்ணினார் என்றால், ஒன்றும் பண்ணவில்லை.

சனிக்கிழமை காலை வண்டியில் கிளம்பி வருகிறேன். நீ கூப்பிட்டதற்குத்தான் வருகிறேன், புத்தகத்துக்கு மன்னிப்புக் கேட்க இல்லை. அதை வந்த பிறகு கேட்கிறேன். வர வேண்டாம் என்று நீ பதில் போட்டால், அது இங்கே வந்து சேரும்போது நான் உன் வீட்டு வாசலில் இருப்பேன்.

அண்ணன்